இடப்பக்கச் சக்கரம்

பேகம்பேட்டில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வாகன விபத்துக் கோப்புகளைப் படிப்பது என் வேலை. வண்டி எங்கே நின்றது, எந்தப் பக்கம் நசுங்கியது, ஓட்டியவருக்கு என்ன ஆயிற்று என்று எழுதி, புகைப்படங்களையும் சேர்த்து அனுப்புவார்கள். இருபது வருடம் இதையே பார்த்தால் மனம் மரத்துப்போகும் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொன்னார்கள். எனக்கு மரத்துப்போகவில்லை. வீட்டைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். காஸ் ரெகுலேட்டரை அடுப்பை அணைத்ததும் ஒரு தடவை, படுக்கப் போகும்முன் ஒரு தடவை. மகள் இதற்கு ரவுண்ட்ஸ் என்று பெயர் வைத்திருந்தாள். தோழிகள் வந்திருக்கும்போது, "இருங்க, அம்மா ரவுண்ட்ஸ்ல இருக்காங்க" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

அவள் எனக்கு ஒரே மகள். ஹைடெக் சிட்டியில் வேலை. போன வருடம், எங்கள் சைனிக்புரி வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரிடமிருந்து, அவளைவிட வயதில் மூத்த ஒரு ஜீப்பை வாங்கினாள். அவர் அதை ராணுவ ஏலத்தில் எடுத்து நெடுங்காலம் வைத்திருந்தவர். வண்டியை ஒப்படைக்கும் அன்று நானும் கூடப் போனேன். அவர் போனெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார். கிளட்ச் இப்படி, சோக் அப்படி, இந்தப் பக்கம் இதைக் கவனி, அந்தப் பக்கம் அதைக் கவனி. மகள் கைப்பேசியில் குறித்துக்கொண்டே இருந்தாள். நான் டிரைவர் சீட்டுக்குக் கீழே இருந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துரு அரித்து உள்ளங்கை அகலத்துக்கு விழுந்திருந்த ஓட்டை. அதன் வழியே அவர் வீட்டு முற்றத்துச் சிமென்ட் தரையும் ஒரு எறும்பு வரிசையும் தெரிந்தன.

மஸ்கட்டில் இருக்கும் என் கணவருக்குப் போன் போட்டேன். "பிள்ளை ஆசைப்படுதுல்லா, விடு" என்றார். அங்கே இருந்துகொண்டு விடு என்று சொல்வது சுலபம்.

ஓட்டையை அடைத்தாள். பிரேக்கை மாற்றினாள். அடுத்து, பழைய ஒல்லிச் சக்கரங்கள் போதாது, மண்ணிலும் கல்லிலும் ஏற அகலமான சக்கரம் வேண்டும் என்று ஆன்லைனில் ஒரு செட் வரவழைத்தாள். கறுப்பாக, பளபளவென்று, பார்க்க நன்றாகத்தான் இருந்தன. அவற்றை மாட்டுவதற்காக போவன்பள்ளியில் காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனோம். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. பழைய ஜீப் மட்டுமே பார்ப்பார். மகள் அவரை பாய் என்பாள், அவர் அவளைப் பிள்ளை மாதிரி பேட்டா என்பார். அவர் பேசுவது ஹைதராபாத் உருது. எங்களுக்கு அது புரியும் என்பதால் வேறு எதிலும் பேச அவர் முயன்றதே இல்லை.

பெட்டியைப் பிரித்து ஒரு சக்கரத்தை எடுத்தார். முன் அச்சின் முனையில் இருக்கும் ஹப்பில் வைத்துப் பார்த்தார். விரலை நடு ஓட்டைக்குள் விட்டுச் சுற்றினார். திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டார்.

"என்ன பாய்? அஞ்சு ஓட்டையும் சரியாத்தானே இருக்கு?" என்றாள் மகள்.

"அஞ்சும் சரி. நடு ஓட்டை பெருசு பேட்டா. சக்கரம் ஹப் மேல உக்காரணும். போல்ட்ல தொங்கக் கூடாது."

"அந்த இடைவெளிய அடைக்க ரிங் விக்கிறாங்களே. எல்லாரும் போடறாங்க."

"ரோட்ல போற காருக்குப் போடு. கல்லு மேல ஏறுற வண்டிக்கு நக்கோ, வேணாம்."

"பாய், ப்ளீஸ். அடுத்த ஞாயிறு டிரிப் இருக்கு."

"எதுக்கு அவசரம்? முப்பது வருஷமா ஓடற வண்டி. பத்து நாள் நிக்காதா?" என்று என்னைப் பார்த்தார். "சொல்லுங்க மேடம்."

எனக்குச் சொல்ல என்ன இருக்கிறது? என் மகளிடம் வேண்டாம் என்று சொல்லி, அவளைக் கேட்கவும் வைத்த ஒரு மனிதரை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். காலில் விழலாம் போல இருந்தது.

மூன்று வாரம் கழித்து, ஹப்பில் சரியாக உட்காரும் அகலமான இரும்புச் சக்கரம் ஒரு செட் அவரே தேடிக் கொடுத்தார். மாட்டும் நாள் வியாழக்கிழமை. அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். "மேடம் சூப்பர்வைசரா?" என்று சிரித்தார். "இல்ல பாய், சி.பி.ஐ." என்றாள் மகள்.

வலப்பக்கம் இரண்டு சக்கரத்தையும் அவர் மாட்டியதை ஒன்று விடாமல் பார்த்தேன். ஹப்பில் இருந்த துருவைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தார். ஒவ்வொரு போல்ட்டின் மரையையும் துணியால் துடைத்து, நட்டைக் கையாலேயே கடைசி வரை சுற்றிப் பார்த்தார். பிறகு நீளமான ஒரு ஸ்பானரை எடுத்தார். வேண்டிய இறுக்கம் வந்ததும் டிக் என்று சத்தம் போடும் ஸ்பானர் அது. ஒரு நட்டை இறுக்கினால் அடுத்து அதற்கு எதிரே உள்ளதை, பிறகு அதற்கு எதிரே உள்ளதை. ஐந்தும் டிக். "டிக் கேட்டா நிறுத்திடணும் மேடம். அதுக்கு மேல இறுக்கினா போல்ட் செத்துடும்." கடைசியில் மெல்லிய பிரஷால் ஒவ்வொரு நட்டின் மேலும் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்தார். நட்டில் ஆரம்பித்துச் சக்கரத்தில் முடியும் கோடு. நட்டு அசைந்தால் கோடு உடைந்து தெரியும் என்றார். இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எங்கள் வீட்டு ரெகுலேட்டருக்கும் ஒன்று போடலாம் என்று நினைத்தேன்.

இடப்பக்கம் ஆரம்பிக்கும்போது அலுவலகத்திலிருந்து போன் வந்தது. வெங்காய லாரிகளின் இரைச்சலில் ஒன்றும் கேட்காமல் தெருமுனை வரை போய்ப் பேசினேன். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்து, அவர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அம்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு ஒரு தடவை கொண்டு வாங்க. சக்கரத்துல இருக்கற புதுப் பெயின்ட் அமுங்கும், நட்டு கொஞ்சம் தளரும். திரும்ப இறுக்கிட்டா அப்புறம் டென்ஷன் நக்கோ."

நான் அதைக் கைப்பேசியில் எழுதி வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அவர் கடை மூடியிருக்கும். சனிக்கிழமை இவளுக்கு ஆஃபீஸில் ஏதோ வேலை. இரவுச் சாப்பாட்டின்போது கேட்டேன்.

"ஏட்டி, அந்த நட்டு?"

"திங்கக்கிழமை போறேன்மா."

"அம்பதுன்னு சொன்னாரே. நீ ஆஃபீஸ் போய்ட்டு வந்ததே அறுபது ஆயிருக்குமே."

"ஏம் காதும்மா." ஒன்றும் ஆகாது என்பதை அவள் தெலுங்கில்தான் சொல்வாள். "தட்டிப் பாத்தேன். கிண்ணுன்னு இருக்கு."

"தட்டிப் பாத்தா தெரியுமா? நாளைக்கு மலைக்குல்லா போற. ஒரு வாரம் தள்ளிப் போட்டா என்ன?"

"அம்மா. நீ ஃபைல்ல பாக்கறது எல்லாம் ஆக்ஸிடென்ட் ஆன வண்டி. ஆகாத வண்டிக்கு ஃபைலே கிடையாது. அதான் உனக்கு உலகமே இப்படித் தெரியுது."

அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு அவள் குளிக்கப் போனாள். நான் பால் பாக்கெட் எடுக்க வெளியே வந்தேன். இருட்டில் ஜீப் நின்றுகொண்டிருந்தது, மஞ்சள் கோடுகள் கண்ணுக்குத் தெரியவில்லை. மகளும் அவள் நண்பர்களும் விகாராபாத் தாண்டி அனந்தகிரி மலைக்குப் போகிறார்கள். பால் பாக்கெட்டைப் படியில் வைத்துவிட்டு, ஜீப்பின் பின்னாலிருந்து சக்கர ஸ்பானரை எடுத்தேன். அது டிக் சத்தம் போடுவது அல்ல, சாதாரண வளைந்த கம்பி. ஆனால் இறுக்குவதற்கு என்ன பெரிய வித்தை வேண்டும்? குழாயை மூடுவதும் ஊறுகாய் பாட்டிலை மூடுவதும் வலப்பக்கம் திருப்பித்தான். நட்டும் அப்படித்தான்.

முதலில் வலப்பக்கச் சக்கரங்கள். ஸ்பானரை மாட்டி அதன் மேல் ஒரு காலை வைத்து அழுத்தினேன். நட்டுகள் கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டன. பிறகு சுற்றுச்சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒருக்களித்து நுழைந்து இடப்பக்கம் போனேன். அங்கே முதல் நட்டு அசையவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஸ்பானர் மேல் ஏறியே நின்றேன். டிக் என்று ஒரு சத்தம். நட்டு கால் சுற்று நகர்ந்தது. உடனே இறங்கிவிட்டேன். டிக் கேட்டால் நிறுத்த வேண்டும்.

அடுத்தது. அதற்கு எதிரே உள்ளது. ஒவ்வொன்றும் டிக், ஒவ்வொன்றும் கால் சுற்று. இந்தப் பக்கம் இவ்வளவு தளர்ந்து போயிருக்கிறதே. நான் மட்டும் பார்க்காமல் விட்டிருந்தால்? அந்த மனிதர் மேல் கோபம் வந்தது. நான் போன் பேசப் போன நேரத்தில் இந்தப் பக்கத்தை அவசரமாக முடித்திருக்கிறார். பின்சக்கரத்தையும் முடித்து, ஸ்பானரைப் பழையபடி வைத்து, கையைக் கழுவிக்கொண்டு பால் காய்ச்சினேன்.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், ரவுண்ட்ஸ் இப்போ வண்டிக்கே வந்திடுச்சா என்று சிரிப்பாள். ஐந்தரை மணிக்கு அவள் கிளம்பும்போது வழக்கமாக அடித்துக்கொள்ளும் நெஞ்சு அன்று அடித்துக்கொள்ளவில்லை. வண்டி தெரு திரும்பியதும் உள்ளே வந்து, வெகுநாளைக்குப் பிறகு காலையில் ஒரு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கினேன். இதை எழுதவே கை கூசுகிறது.

எட்டரை மணிக்குப் போன் வந்தது. அவள் எண்ணில் வேறு ஒரு பெண்ணின் குரல். "ஆண்ட்டி, டென்ஷன் ஆகாதீங்க" என்று ஆரம்பித்தாள். அந்த வாக்கியத்துக்குப் பிறகு எதைச் சொன்னாலும் யார் காதில் விழும்?

விகாராபாத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கியிருக்கிறது. பெரிய சக்கரம், அப்படித்தான் இருக்கும் என்று மகள் நினைத்திருக்கிறாள். பின்னால் இன்னொரு வண்டியில் வந்த நண்பர்கள் முன் இடது சக்கரம் ஆடுவதைப் பார்த்து ஹாரன் அடித்தார்கள். வழிவிடச் சொல்கிறார்கள் என்று ஓரம் ஒதுங்கினாள். ஒரு ஊர் முகப்பில் வேகத்தடை. அதில் ஏறி இறங்கியதும் ஜீப்பின் முன்பக்கம் இடப்புறமாகச் சரிந்தது. சக்கரம் தனியாகக் கழன்று, வண்டிக்கு முன்னால் ஓடியது. சாலையோர டீக்கடையின் பெஞ்சில் மோதி நின்றது. பெஞ்சின் கால் முறிந்துவிட்டது. அதில் உட்கார்ந்திருந்தவர் டீக் கிளாஸை உள்ளே வைக்க அப்போதுதான் எழுந்து போயிருந்தார்.

மகளுக்கு ஸ்டியரிங்கில் இடித்து மோவாயில் மூன்று தையல். வேறு ஒன்றும் இல்லை. அவளிடம் போனைக் கொடுத்தார்கள். "அம்மா" என்றாள். பிறகு மூச்சு மட்டும் கேட்டது. நானும் "ஏட்டி, ஏட்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எண்பது கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, ஒரு கையில் போன், இன்னொரு கையில் எதற்கு எடுத்தேன் என்று தெரியாத கரண்டி. கிளம்பலாம் என்றால், நாங்களே கூட்டி வந்துவிடுகிறோம், நீங்கள் வந்தால் வழியில் மாறிப் போவோம் என்றார்கள் அவள் நண்பர்கள். மத்தியானம் ஒன்றரை வரை வாசலில் நின்றேன்.

அன்று சாயங்காலம் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு வந்தது எல்லாம் அந்த மெக்கானிக் மேல் கோபம்தான். அவளுக்கும் அப்படித்தான். "டிக் டிக்குன்னு எவ்ளோ சீன் போட்டாரு. லெஃப்ட் சைடு டைட்டே பண்ணலை போல. ஜீப் குரூப்ல வீடியோவோட போடறேன், இனி ஒருத்தன் அந்தக் கடைக்குப் போக மாட்டான்" என்றாள். "அவசரப்படாத. முதல்ல எழுத்துல கேப்போம்" என்றேன். திங்கட்கிழமை அலுவலகத்தில் உட்கார்ந்து நானே ஒரு புகார்க் கடிதம் தயாரித்தேன். கவனக்குறைவு, உயிருக்கு ஆபத்து விளைவித்தது என்று எனக்குப் பழகிய எல்லாச் சொற்களையும் போட்டு, அச்செடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஜீப்பை லாரியில் ஏற்றி அவர் கடைக்கே கொண்டுபோய் இறக்கியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை நாங்கள் போனபோது அவர் அதன் அருகில் குந்தி உட்கார்ந்திருந்தார். மகள் மோவாயில் இருந்த கட்டைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "யா அல்லா. பேட்டா..."

"பேசாதீங்க பாய். செத்திருப்பேன். இன்னொருத்தரையும் கொன்னிருப்பேன்."

"திட்டு. திட்டிட்டு இங்க வந்து பாரு" என்றார்.

வலப்பக்கச் சக்கரத்தைக் காட்டினார். ஐந்து நட்டிலும் மஞ்சள் கோடு லேசாக உடைந்து, நட்டில் இருந்த பாதி வலப்பக்கம் கொஞ்சம் தள்ளியிருந்தது. "இது நான் விட்ட இடம் இல்ல. எனக்குப் பின்னால ஒரு கை இறுக்கியிருக்கு. இந்தப் பக்கம் இறுக்கினது சரி." பிறகு எங்களை இடப்பக்கம் கூட்டிப் போனார். முன்சக்கரம் இருந்த இடத்தில் முறிந்த போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. பின்சக்கரம் அப்படியே இருந்தது. அதன் ஐந்து நட்டிலும் மஞ்சள் கோடு கால் சுற்று வலப்பக்கம் போயிருந்தது.

"பழைய ராணுவ ஜீப்புல இந்தப் பக்கம் மரை உல்டா, பேட்டா. சக்கரம் சுத்தற வேகத்துல நட்டு தானா கழண்டுடக் கூடாதுன்னு அந்தக் காலத்துல அப்படி வச்சாங்க. இடப்பக்கம் திருப்பினாத்தான் இறுகும். வலப்பக்கம் திருப்பினா கழலும்."

"தெரியும் பாய். அங்கிள் வண்டி கொடுக்கும்போதே சொன்னாரே" என்றாள் மகள். என் பக்கம் திரும்பினாள். "நீயும் இருந்தியேம்மா அன்னிக்கு."

இருந்தேன். ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் பின்சக்கர நட்டுகளின் மேல் விரலை ஒவ்வொன்றாக வைத்தார். "நாலு சக்கரத்துலயும் ஒரே கை. தெரியாத ஆளு. ஆனா விளையாட்டுக்குச் செஞ்சவன் இல்ல. பாரு, ஒண்ணு விடலை. இந்த அஞ்சையும் ஒரே அளவு திருப்பியிருக்கான். ரொம்ப அக்கறையாச் செஞ்சிருக்கான்." மகளைப் பார்த்தார். "பஞ்சர் கடையில யாராவது கை வச்சாங்களா?"

"யாருமே தொடலை பாய்."

நான் ஆமாம் போட்டிருக்கலாம். பஞ்சர் கடை என்று ஒரு வார்த்தையை அவரே எடுத்துக் கொடுத்திருந்தார். என் வேலையில் எத்தனையோ பேர் அப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். யாரோ தொட்டிருக்க வேண்டும், எங்களுக்குத் தெரியாது என்று. கைப்பையில் இருந்த கடிதம் விலாவில் குத்தியது.

"நான்தான்" என்றேன்.

முதலில் இருவருக்கும் புரியவில்லை. "ஞாயித்துக்கிழமை காலையில. நீ குளிச்சுக்கிட்டு இருந்தப்ப."

மகள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. ஏம் காதும்மா என்றும் சொல்லவில்லை. ஒரு நிமிடம் அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வெளியே போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

மெக்கானிக் எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "தப்பு என்னோடதும்தான் மேடம். உல்டான்னு அங்கேயே எழுதி வச்சிருக்கணும். அம்மா வந்து இறுக்குவாங்கன்னு நான் நினைக்கலையே." சிரிக்கவைக்கப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று முழுதாகச் சொல்லவில்லை. கடிதத்தைப் பற்றி அவருக்கு இன்றுவரை தெரியாது.

ஆட்டோவில் திரும்பி வரும்போது, எங்கள் தெரு வரப்போகும் சமயம், "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றாள்.

"கேட்டா சிரிப்ப."

"சிரிச்சிருப்பேன்." வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "சிரிச்சிட்டுச் சொல்லியிருப்பேன்."

இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. முறிந்த போல்ட்டுகளை மாற்றி, எல்லாவற்றையும் சோதித்துக் கொடுத்தார். இடப்பக்க மட்கார்டுகள் இரண்டிலும் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு வளைந்த அம்பு போட்டிருக்கிறார். மகள் முதல் வேலையாக அந்த டீக்கடைக்கு ஒரு புது பெஞ்சை ஏற்றிக்கொண்டு போனாள். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். பெஞ்சிலிருந்து எழுந்து போன அந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் தினமும் என் கண்ணுக்குள் அவர் டீக் கிளாஸை வைக்க எழுந்து போகிறார். சில நாள் எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் இப்போதும் போகிறாள். இனிப் போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. காலையில் அவள் குளித்துவிட்டு வந்து, "வா, பாக்கலாம்" என்று என்னைக் கூப்பிடுகிறாள். அவளே கைப்பேசி வெளிச்சத்தைப் பிடிக்கிறாள். நான்கு சக்கரம், இருபது மஞ்சள் கோடு. நான் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. எனக்குத்தான் பயம்.

"நேரா இருக்கா?"

"இருக்கு."

"எல்லாமே?"

"எல்லாமே."

அவள் ஏறிக் கிளப்புகிறாள். நான் கேட்டைத் திறந்துவிட்டு ஓரமாக நிற்கிறேன். சக்கரம் முதல் சுற்று சுற்றும்வரை கோடுகளைத் தனித்தனியாகப் பார்க்க முடிகிறது. அதற்குப் பிறகு எல்லாம் கலந்து ஒரு மங்கலான மஞ்சள் வளையம் ஆகிவிடுகிறது.